அறுநூறு லிட்டர் கடல்

கடற்கரையிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டரில் குடியிருந்துகொண்டு, கடையில் உப்பு வாங்கி, அதை வடிகட்டிய தண்ணீரில் கரைத்து, கடல் தயாரிக்கிற ஆசாமி யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் வேளச்சேரியில் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். இரண்டாம் மாடி. கையில் வாளியும் தோளில் துண்டுமாகக் கதவைத் திறக்கிறவன்தான் அந்த ஆசாமி. சமையற்காரன் என்று நினைத்துவிடப் போகிறீர்கள். இந்தக் கட்டுரையை எழுதுகிறவனும் அவனே.

எங்கள் கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கிறது. ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். கல்லுக்கும் மணலுக்கும் போன இடம் போக, கீழே இருக்கும் துணைத் தொட்டியில் நிற்பதையும் சேர்த்தால் ஏறக்குறைய 600 லிட்டர். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்பது கணக்கு. ஆகவே முதல் நாள் நான் கரைத்த உப்பு 21 கிலோ. சமையல் உப்பு அல்ல. மக்னீசியமும் கால்சியமும் இன்னும் என்னென்னவோ அளவோடு கலந்து, வாளியில் அடைத்து, யானை விலைக்கு விற்கிற உப்பு. "நாலு குடம் கடல்லேயே மொண்டு வந்துடலாமே" என்று கேட்காத விருந்தாளி கிடையாது. மொண்டு வரலாம். அடையாறும் கூவமும் எதையெல்லாம் கொண்டுபோய் அந்தக் கடலில் சேர்க்கின்றன என்பது மூக்குள்ள எல்லாருக்கும் தெரியுமாகையால் நான் மொண்டு வரவில்லை.

இந்தப் பைத்தியம் என்னைப் பிடித்த இடம் மண்டபம். 2021-ஆம் ஆண்டு, ஒரு நாவலுக்காக நாலு நாள் ராமேசுவரம் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தேன். மண்டபம் முகாமில், 1947-ல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில், ஒரு கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கோமாளி மீன்கள். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை. அவை நீந்தும் விதம் மற்ற மீன்களைப் போல இல்லை. புதிதாகச் சைக்கிள் பழகுகிற பையன் மாதிரி உடம்பை ஒடித்து ஒடித்துப் போகின்றன. அரைமணி நேரம் நின்றேன். நாவலுக்கு வேண்டியதை அன்று குறித்துக்கொள்ளவேயில்லை.

அந்தப் பக்கத்துக் கடலில், ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே, 21 தீவுகளைச் சுற்றிப் பவளப் பாறைகள் இருக்கின்றன. மீனவர்கள் 'பார்' என்று ஒரே எழுத்தில்—ஒரே அசையில் என்று சொல்ல வேண்டும்—முடித்துவிடுவார்கள். கல் மாதிரித் தெரிகிற அது கல் அல்ல, செடி மாதிரிக் கிளை விட்டாலும் செடி அல்ல. கோடிக்கணக்கான சின்னஞ்சிறு பிராணிகள் தலைமுறை தலைமுறையாகச் சுண்ணாம்பைக் கக்கிக் கட்டிய ஊர் என்று அங்கே தெரிந்துகொண்டேன். அந்தப் பிராணியின் உடம்புக்குள்ளேயே ஒரு பாசி குடியிருக்கிறது. பாசி வெயிலை வாங்கிச் சமைத்துப் போடுகிறது. பிராணி வீடு கொடுக்கிறது. வாடகைக்கு இருந்து பழகிய எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துவிட்டது. ஒரு காலத்தில் நம் ஆட்கள் இந்த ஊரையே பெயர்த்துக்கொண்டு போய்ச் சுண்ணாம்புக் காளவாயில் போட்டார்கள் என்பதையும் கேட்டேன். நம் பாட்டனார்கள் வெற்றிலையில் தடவிக்கொண்டது எந்தத் தீவோ!

ஊர் திரும்பிய சமயம், என் கதை ஒன்றைப் படமெடுக்கப் போவதாகச் சொல்லி ஒருவர் பணம் கொடுத்தார். (படம் இன்னும் எடுக்கவில்லை.) எழுத்தாளன் கையில் எதிர்பாராமல் பணம் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் கூடம் சாட்சி. என் மனைவி அந்தத் தொகைக்கு வைத்திருந்த திட்டங்களை இங்கே எழுதாமல் இருப்பது குடும்ப அமைதிக்கு நல்லது.

பவளப் பாறையே வைத்துவிடலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். வெளிநாட்டில் வைக்கிறார்களே! ஆனால் நம் நாட்டில் 2001-லிருந்து பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கும் யானைக்கும் என்ன அந்தஸ்தோ அதே அந்தஸ்து. வீட்டில் பவளம் வைத்திருப்பதும் வீட்டில் புலிக்குட்டி வைத்திருப்பதும் சட்டத்தின் கண்ணில் ஒன்றுதான். ஒரு கடையில் இதைச் சொன்னபோது, கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, "சின்னத் துண்டுதான் சார். யாரு வந்து பார்க்கப் போறாங்க?" என்றார். எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் மண்டபத்தில் அத்தனை கேட்டுவிட்டு வந்தவன், அதைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு வந்த உளிக்குக் கூலி கொடுக்க முடியவில்லை.

ஆகவே எங்கள் பவளப் பாறையை ஒரு கொத்தனார் கட்டினார். சிமெண்டும் கிளிஞ்சல் பொடியும் கல்லுப்பும் கலந்து, மணலில் குழி தோண்டி அதில் வார்த்து, குகையும் பொந்துமாகப் பதினாறு துண்டுகள். தண்ணீரில் ஊறவைத்ததும் உப்பு கரைந்து போய், உப்பிருந்த இடமெல்லாம் ஓட்டையாகிவிடும். கொத்தனாருக்கு ஒரே சிரிப்பு. "வீடு கட்டறப்ப ஓட்டை விழக்கூடாதும்பாங்க. நீங்க ஓட்டை போதலைங்கிறீங்களே சார்!" புதுச் சிமெண்டிலிருந்து கசியும் சுண்ணாம்புக் காரம் மீனைக் கொன்றுவிடும், ஆகையால் அந்தக் கற்களை மொட்டைமாடி டிரம்மில் இரண்டு மாதம் ஊறப்போட்டு, வாரா வாரம் தண்ணீர் மாற்றினேன்.

நம் குடியிருப்புகளின் தளத்தை ஒரு சதுர மீட்டருக்கு 200 கிலோ பாரம் என்ற கணக்கில் கட்டுகிறார்கள். என் தொட்டியோ ஒரு டன்னை ஒட்டி வரும். இஞ்சினியராக இருக்கும் என் சிநேகிதர் வந்து, தரையைத் தட்டிப் பார்த்து, உத்தரத்துக்கு மேலாகச் சுவரோரம் வைக்கச் சொன்னார். வைத்த அன்றிரவு நான் தூங்கவில்லை. முதல் மாடிக்காரர்கள் நன்றாகத் தூங்கினார்கள். அவர்களுக்கு விஷயம் தெரியாது.

இயந்திரங்களைப் பற்றி விஸ்தரிக்கப் போவதில்லை. தண்ணீரைச் சுற்றவைக்க ஒரு பம்பு, அலை உண்டாக்க இரண்டு, வெளிச்சத்துக்கு ஒரு விளக்கு. நுரை வடிகட்டி என்று ஒன்று உண்டு. அதை மட்டும் சொல்ல வேண்டும். கடற்கரையில் அலை உடையும் இடத்தில் பழுப்பு நுரை ஒதுங்குகிறதே, அதே வேலையை இது ஒரு குழாய்க்குள் செய்கிறது. பொடிப்பொடிக் குமிழிகளை ஊதி, தண்ணீரிலிருக்கும் அழுக்கை நுரையாக ஏற்றி, ஒரு கிண்ணத்தில் வடிக்கிறது. அந்தக் கிண்ணத்தைக் கழுவுகிறவன் நான். அதன் நிறம் டிகாக்ஷன் நிறம். வாசனையைப் பற்றி எழுதினால் பத்திரிகை ஆசிரியர் அடித்துவிடுவார்.

தண்ணீர் விட்டாயிற்று, விளக்குப் போட்டாயிற்று, மீன் விட வேண்டியதுதானே? "ரெண்டு நாள் ஓடட்டும், போதும்" என்று கடைக்காரர் சொன்னார். எனக்கும் பொறுமை இல்லை. இரண்டு நாள் கழித்து நீல நிறத்தில் இரண்டு டாம்செல் மீன்கள் வாங்கி வந்து விட்டேன். மிகவும் கெட்டி உயிர் என்று பெயர் பெற்ற ஜாதி. நாலாம் நாள் காலையில் ஒன்று மணல்மேல் படுத்திருந்தது. செவுள் மட்டும் வேகவேகமாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. மற்றது மேலே வந்து, காற்றை விழுங்கப் பார்ப்பதுபோல் வாயைத் திறந்தது. மத்தியானத்துக்குள் இரண்டும் போய்விட்டன.

கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் ஓர் இளைஞன், இந்தத் துறையில் என்னைவிடப் பத்து வருஷம் மூத்தவன், வந்து பார்த்தான். சின்னக் குழாயில் தொட்டித் தண்ணீரைப் பிடித்து மருந்து சொட்டினான். மஞ்சளாக இருக்க வேண்டியது கரும்பச்சை ஆயிற்று. "அம்மோனியா சார். அதுங்களோட கழிவே அதுங்களைக் கொன்னுடுச்சு" என்றான். பிறகு எனக்குப் பாடம் நடந்தது. மீனின் கழிவிலும் மிஞ்சின தீனியிலும் அம்மோனியா உண்டாகிறது. அதைத் தின்று நைட்ரைட் ஆக்க ஒரு நுண்ணுயிர். அந்த நைட்ரைட்டும் விஷம்தான். அதைத் தின்று அவ்வளவாகக் கெடுதல் செய்யாத நைட்ரேட் ஆக்க இன்னொரு நுண்ணுயிர். இந்த இரண்டும் கல்லின் ஓட்டைகளில் குடியேறிப் பெருக நாலு வாரத்திலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு ரசாயனத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். அது இத்தனை வருஷம் காத்திருந்து வீட்டுக்கே வந்துவிட்டது.

"ஒரு மண்டலம்னு சொல்லுங்க" என்றாள் என் மனைவி. வாஸ்தவம். நாற்பத்தைந்து நாள், மீன் இல்லாத தொட்டிக்கு முன்னால் தினமும் இரண்டு வேளை குழாயும் மருந்துமாக உட்கார்ந்தேன். வந்தவர்களெல்லாம் "மீன் எங்கே?" என்று கேட்டார்கள். அந்த இரண்டு நீல மீன்களையும் துளசிச் செடி அடியில் புதைத்திருந்தது எனக்கும் என் மகளுக்கும் மட்டும் தெரியும்.

அதற்கப்புறம் மெல்ல மெல்ல, மாதத்துக்கு ஒன்று இரண்டாகப் பதினொரு மீன்கள் சேர்ந்தன. கோமாளி இரண்டு, பண்ணையில் பொரித்தவை. நீலமும் மஞ்சளுமாக ஒரு சர்ஜன் மீன். வாலடியில் கத்தி மாதிரி ஒரு முள் இருப்பதால் அந்தப் பெயர். அது பண்ணையில் பொரித்ததல்ல, எந்தக் கடலிலிருந்தோ வலையில் வந்தது. அதை ஏன் வாங்கினேன் என்று கேட்டால், அழகாக இருந்தது என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை. பவளத்துக்குக் கூலி கொடுக்க மறுத்த கை இந்த மீனுக்குப் பணத்தை எண்ணிக் கொடுத்தது. மனிதனின் நியாயம் அவ்வளவுதான். ஏழாம் மாதம், கொத்தனாரின் கல்மேல் கத்திரிப்பூ நிறத்தில் ஒரு திட்டுத் தெரிந்தது. கல்லில் படரும் ஒரு வகைச் சுண்ணாம்புப் பாசி. ஏதோ ஒரு நத்தையின் ஓட்டில் ஒட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். நாங்கள் வைக்காமல் தானாக வந்த ஒரே பொருள் என்பதால், அதன்மேல் எனக்குத் தனி வாஞ்சை.

கோமாளிகளைப் பற்றி ஒரு சமாசாரம். இந்த இனத்தில் குஞ்சுகளெல்லாம் ஆணாகவே வளர்கின்றன. கூட்டத்தில் பெரியது எதுவோ அது பெண்ணாக மாறி அதிகாரம் செய்யும். அது செத்துப்போனால் அடுத்த ஸ்தானத்திலிருக்கும் ஆண், பெண்ணாகி அந்த நாற்காலியில் உட்காரும். இதை நான் வியந்து சொன்னபோது என் மனைவி, "பெரிசா இருந்தா அதிகாரம் பண்ணலாம்னா நம்ம வீட்டில அது நடக்கலையே" என்று என் தொப்பையைப் பார்த்தாள்.

தினசரி வேலை எது என்று கேட்பீர்கள். நல்ல தண்ணீர் ஊற்றுவது. கடல் வற்றும்போது தண்ணீர்தான் ஆவியாகிறது; உப்பு அப்படியே நின்றுவிடுகிறது. குறைந்த அளவுக்கு உப்பில்லாத சுத்தமான தண்ணீரைத் தினமும் ஊற்றாவிட்டால் தொட்டி கொஞ்சம் கொஞ்சமாக உப்பளம் ஆகிவிடும். கோடையில் நாளொன்றுக்கு ஏழெட்டு லிட்டர் போகும். குழாய்த் தண்ணீர் உதவாது, ஆர்.ஓ. இயந்திரத்தில் சுத்தம் செய்து, இருபது லிட்டர் கேன் ஐந்தில் எப்போதும் நிரப்பி வைத்திருப்பேன். ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டர் கழிவாகப் போகும். அதில் எங்கள் வீட்டுத் தரை பளபளவென்று இருக்கிறது.

மே மாதத்தில் இன்னொரு உபத்திரவம். தண்ணீர் 31 டிகிரியைத் தாண்டினால் மீன்கள் தவிக்கும். குளிரூட்டும் பெட்டி இரவும் பகலும் ஓடும். அது தொட்டியிலிருந்து பிடுங்கின சூட்டையெல்லாம் கூடத்தில் கொட்டும். மீன்கள் சுகமாக இருக்க, நாங்கள் விசிறிக்கொண்டிருப்போம். மன்னார் வளைகுடாவில் 1998-லும் 2010-லும் 2016-லும் கடல் சூடேறி, பவளங்கள் உள்ளிருந்த பாசியை வெளியே தள்ளிவிட்டு வெள்ளைவெளேரென்று வெளுத்துப் போயின. அந்தக் கடலுக்குக் குளிரூட்டும் பெட்டி கிடையாது. மின்சாரக் கட்டணச் சீட்டு வரும்போதெல்லாம் இது ஞாபகம் வந்து, என்னை இன்னும் கொஞ்சம் எரிச்சல்படுத்தும்.

கீழ்த்தளத்தில் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவர் தம் மனைவியோடு இருக்கிறார். எழுபத்தைந்து வயது. தொட்டியை முதல் தடவை பார்க்க வந்தபோது, நான் 600 லிட்டர் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "2019-ல ஏரியெல்லாம் வத்திப்போச்சே, அந்த வெயில்ல லாரிக்கு நம்பர் போட்டுக் குடத்தை வரிசையில வெச்சிட்டு நின்னேன், தம்பி. இவ்வளவு தண்ணி ஒரே இடத்துல அப்ப பார்க்கலை" என்றார். குற்றம் சொல்கிற குரல் இல்லை. என்னவோ எனக்குத்தான் பதில் வரவில்லை. போகும்போது, "கடலைக் கொண்டாந்து மாடியில வெச்சிருக்கீங்க. அது ஒரு நாள் தேடிக்கிட்டு வந்துடப் போவுது" என்று சிரித்துவிட்டுப் போனார்.

வந்தது. 2023 டிசம்பர் மூன்றாம் தேதி இரவு பிடித்த மழை, மிக்ஜாம் புயலின் மழை, நாலாம் தேதி முழுவதும் விடவில்லை. விடியற்காலை மின்சாரம் போயிற்று. கொந்தளித்த கடல் முகத்துவாரத்தில் வெள்ளத்தை வாங்கிக்கொள்ள மறுத்ததால், தண்ணீர் தெருவிலேயே நின்று, மதியத்துக்குள் கீழ்த்தளத்தில் இடுப்பளவு ஆயிற்று. போஸ்ட்மாஸ்டரையும் அந்த அம்மாளையும் கைபிடித்து எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். ஒரு அரிசிப் பை, மாத்திரை டப்பா, ஒரு பெரிய ஆல்பம். அவ்வளவுதான் மேலே வந்தது. ஆல்பத்தில் அவர் நாற்பது வருஷமாகச் சேர்த்த தபால்தலைகள், பாதிக்கு மேல் நனைந்து.

இன்வெர்ட்டரில் மிச்சமிருந்த மின்சாரத்தை நான் என்ன செய்தேன் தெரியுமா? வீட்டு விளக்கையெல்லாம் அணைத்துவிட்டுத் தொட்டியின் பம்புக்குக் கொடுத்தேன். சாயந்திரம் அதுவும் நின்றது. தண்ணீர் சுற்றாவிட்டால் காற்று கரையாது. மீன்கள் மூச்சுமுட்டிச் சாகும். கல்லில் இருக்கும் நுண்ணுயிர்களுக்கும் அதே கதி. வழி ஒன்றுதான்: சொம்பில் மொண்டு, ஒரு அடி உயரத்திலிருந்து ஊற்றுவது. பத்து நிமிஷம் ஊற்றுவது, இருபது நிமிஷம் ஓய்வு. அன்றிரவு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நானும் மகளும் மாறி மாறி ஊற்றினோம். பன்னிரண்டு மணிக்கு மேல் நான் சாய்ந்துவிட்டேன். மூன்று மணிக்கு விழித்துப் பார்த்தால், தொட்டிக்கு முன்னால் நாற்காலியில் போஸ்ட்மாஸ்டர். கையில் சொம்பு. வெளியே கும்மிருட்டில் அவர் வீட்டுக் கட்டில் எங்கேயோ மோதுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"நீங்க படுங்க ஐயா" என்றேன்.

"தூக்கம் வரலை தம்பி. இதாவது பிழைக்கட்டும்" என்றார்.

ஐந்தாம் தேதி காலையில்தான் நான் எழுத வந்த விஷயம் நடந்தது. நிலத்தடித் தொட்டிக்குள் சாக்கடை கலந்துவிட்டது. தண்ணீர் கேன் போடுகிறவர் வர வழியில்லை. எட்டு வீட்டுக்காரர்களுக்கும் குடிக்கத் தண்ணீர் தட்டிப்போயிற்று. முதல் மாடியில் கைக்குழந்தை. என் மனைவி கூடத்தில் நின்று, "அந்த அஞ்சு கேன் இருக்கே" என்றாள்.

"அது மீனுக்கு..." என்றேன்.

முழு வாக்கியம் கூட இல்லை. ஆனால் சொன்னேன். போஸ்ட்மாஸ்டர் சொம்பும் கையுமாக அங்கேயே இருந்தார். அவர் உடனே, "ஆமாம்மா, மீனுக்கு வேணுமே அது. நாங்க மழைத்தண்ணியைப் பிடிச்சுக் காய்ச்சிக்கிறோம்" என்றார். கேலியாகச் சொல்லியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். அவர் நிஜமாகவே சொன்னார். இராத்திரி முழுவதும் அந்த மீன்களுக்கு ஊற்றியவர் அல்லவா?

என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. ஒரு கேனைச் சாய்த்து உருட்டிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள். நான் இரண்டாவது கேனைத் தூக்கினேன். தூக்கினேன் என்று எழுதும்போதே, அவள் போன பிறகுதான் தூக்கினேன் என்பதையும் எழுதிவிட வேண்டும். ஐந்து கேனும் அன்று மாலைக்குள் எட்டு வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தன.

பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மழைக்குளிர், காற்றில் ஈரம், விளக்கும் இல்லை. அந்த மூன்று நாளில் தொட்டியில் வற்றியது இரண்டு மூன்று லிட்டர் இருந்தால் அதிகம். நூறு லிட்டர் தண்ணீர் மீனுக்கு வேண்டியிருக்கவேயில்லை. எந்தக் கணக்கும் போடாமலே அந்த வார்த்தை என் வாயில் வந்திருக்கிறது.

ஏழாம் தேதி மாலை மின்சாரம் வந்தது. பதினொன்றில் ஐந்து மீன்கள் போய்விட்டன. முதலில் போனது சர்ஜன். அதற்குக் காற்று நிறைய வேண்டும். கோமாளிகள் இரண்டும் பிழைத்தன. கீழே வீட்டில் சுவர் முழுவதும் இடுப்பளவுக்கு ஒரு பழுப்புக் கோடு. மெத்தை, பீரோ, குளிர்பதனப் பெட்டி எல்லாம் தெருவுக்கு வந்தன. தபால்தலைகளை மட்டும் எங்கள் கூடத்தில் செய்தித்தாள் விரித்து, ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் போட்டு உலர்த்தினார். ஒரு வாரம் நாங்கள் கூடத்தில் நுனிக்காலால் நடந்தோம்.

தொட்டியை எடுத்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். "செத்த அஞ்சுக்காகவா, இல்லே அந்தப் பேச்சுக்காகவா?" என்று என் மனைவி கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. தொட்டியும் போகவில்லை. புதிதாக மீன் வாங்குவதை நிறுத்தியிருக்கிறேன். கேன்கள் இப்போது எட்டு. மூன்றின்மேல் என் மகள் சிவப்பு வர்ணத்தில் 'குடிக்க' என்று எழுதியிருக்கிறாள்.

மறு வருஷம் ஆடியில், கோமாளிகள் மூலையில் கிடந்த மண்சட்டியின் உட்புறம் முட்டை போட்டன. ஆரஞ்சு நிறத்தில், அரிசி நொய் அளவுக்கு ஒரு திட்டு. ஆண் மீன் அதைவிட்டு நகராமல், செட்டையால் விசிறிக்கொண்டேயிருந்தது. கையை விட்டால் கடித்தது. ஒரு வாரத்துக்கு மேல் ஆனதும், முட்டைகளுக்குள் வெள்ளியாகக் கண்கள் தெரிந்தன. விளக்கணைந்து இருட்டான பிறகுதான் பொரிக்கும் என்று தெரிந்து, போஸ்ட்மாஸ்டர் தம் டார்ச்சு லைட்டோடு மேலே வந்துவிட்டார். ஒன்பது மணிக்கு, கண்ணும் வாலுமாகத் தூசி போன்ற நூற்றுக்கணக்கான குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கி எழும்பி வந்தன. அவற்றை வளர்க்க, கண்ணுக்குத் தெரியாத உயிருள்ள தீனி வேண்டும், எங்களிடம் இல்லை. காலைக்குள் ஒன்றும் மிஞ்சாது என்று அவருக்குச் சொன்னேன்.

"தெரியும் தம்பி, அன்னிக்கே சொன்னீங்களே" என்றார். ஆனாலும் பதினோரு மணி வரைக்கும் அவர் டார்ச்சை அணைக்கவில்லை. அதற்கப்புறம் படியிறங்கப் போனவர் திரும்பி வந்து, அன்றைக்கு ஊற்ற வேண்டிய தண்ணீரை ஊற்றியாயிற்றா என்று கேட்டார். மறந்துவிட்டிருந்தேன். அவரே கேனைச் சாய்த்து, சொம்பில் பிடித்து, மெல்ல ஊற்றினார்.